ஏப்ரி எண்ணும் என் மகளின் கல்லீரலும்

பிள்ளைக்குக் கல்லீரலில் கோளாறு என்று டாக்டர் சொன்னதும் பெற்றவர்களை ஆட்டிவைக்கும் பயம் ஒன்றுதான். உள்ளே தழும்பு விழுந்துவிட்டதா? விழுந்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? அதைப் பார்க்கக் கல்லீரலுக்குள் ஊசி விட்டுத் துளி சதை எடுக்க வேண்டும், அதற்கு பயாப்ஸி என்று பேர் என்றதும் அடுத்த கேள்வி தானாக வாயில் வந்துவிடும். "ஏனுங்க டாக்டர், ரத்தத்துலயே பார்த்துக்க முடியாதுங்களா?"

நானும் இதைத்தான் கேட்டேன். இப்போது கோயம்புத்தூரில் எங்கள் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது, புதிதாக வரும் அம்மாக்கள் என்னிடம் கேட்பதும் இதைத்தான். அங்கே அவசர அவசரமாகச் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் மூன்று வருடத்துக்கு மேலாக என் மகளின் ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ரத்தத்தில், ஏப்ரி போன்ற கணக்குகள் வழியாக, கல்லீரல் தழும்பின் நிழல் தெரியும். அந்த நிழலைப் பிள்ளையின் வயது, காய்ச்சல், மாத்திரை, ரத்தம் எடுத்த விதம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரு நாள் வந்த ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கலங்கவும் கூடாது, நிம்மதியாகவும் இருந்துவிடக் கூடாது.

மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூட இறக்காமல் படுத்துக்கொள்வாள். அரிசிம்பருப்பு சாதம் என்றால் இரண்டு தட்டு சாப்பிடுகிறவள், நாலு வாய்க்கு மேல் வேண்டாம் என்பாள். அப்புறம் கண் மஞ்சளானது. காமாலை என்று உள்ளூர் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். தண்ணீரில் பரவும் ஏ, ஈ வகை வைரஸ்கள் இல்லை என்று வந்தது. சில வாரத்தில் கண் வெளுத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். அந்த டாக்டர் மட்டும் விடவில்லை. கல்லீரல் அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு எண்களைப் பார்த்தார். "மஞ்சள் இறங்கியிருக்குங்க. எஸ்ஜிஓடி இறங்கல. அது இறங்காத வரைக்கும் நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்று கடிதம் எழுதிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அவருக்கு நாங்கள் காலத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம். காமாலை போனதும் மறு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. மஞ்சள் போன பிறகும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்தே தீர வேண்டும்.

கோயம்புத்தூரில் பி, சி வைரஸ் பார்த்தார்கள். உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோய்க்காக, செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைப் பார்த்தார்கள், கண் டாக்டரிடம் அனுப்பிக் கருவிழி ஓரத்தில் செம்பு வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்று எங்களைக் கேட்டது அதற்காகத்தான். என்ன நாட்டு மருந்து கொடுத்தீர்கள் என்றும் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்கள். கவுந்தப்பாடியிலிருந்து என் அப்பா, மகளுக்கு அப்புச்சி, கீழாநெல்லி அரைத்துக் கொண்டு வந்து கொடுத்திருந்தார். அதையும் சொன்னேன். சில மருந்துகளும் மூலிகைகளும் கிளப்பிவிடும் கல்லீரல் வீக்கம், மகளுக்குக் கடைசியில் தெரியவந்த நோயைப் போலவே தோற்றம் காட்டும் என்பதால்தான் கேட்கிறார்கள். டாக்டர் திட்டுவாரோ என்று யாரும் இதை மறைக்காதீர்கள்.

கடைசியில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் மிக அதிகமாகவும், தன் உடம்பையே தாக்கும் எதிரணுக்கள் பாசிட்டிவ் என்றும் வந்தது. ஆட்டோஇம்யூன் ஹெப்படைடிஸ். உடம்பின் காவல் அணுக்களே கல்லீரலைத் தாக்குகின்றன. பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. பல பிள்ளைகளுக்கு இது தெரியவரும்போதே தழும்பு தொடங்கியிருக்கும்.

பயாப்ஸி வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சியது இந்தக் கட்டத்தில்தான். டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "ரத்தம் ரெண்டு விஷயத்துல உதவும்மா. கல்லீரல் எவ்வளவு வீங்கியிருக்கு, தழும்பு அதிகமா இருக்க வாய்ப்பு இருக்கா, இல்லையா. எதனால வீங்கியிருக்குன்னு உறுதி பண்ண இந்த நோய்க்கு ஒரு தடவையாவது சதையைப் பார்த்தாகணும். ஸ்டீராய்டு ஆரம்பிக்கப் போறோம், வருஷக்கணக்குல மாத்திரை. அதைச் சந்தேகத்தோட ஆரம்பிக்க முடியாது." கூடவே அவரே இன்னொன்றும் சொன்னார். ஊசியில் வரும் சதை மொத்தக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது. ஆகவே பயாப்ஸியும் கடைசி வார்த்தை இல்லை. அதன் குறையையும் ஒளிக்காமல் சொன்னதால்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

அந்த நாளைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முந்தின நாளே பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். பிள்ளையை மயக்கி, ஸ்கேனில் பார்த்தபடியே வலப்பக்க விலாவுக்கு நடுவில் ஊசி போடுவார்கள். ஊசி உள்ளே போய் வருவது கண் இமைக்கும் நேரம். அப்புறம்தான் நம் வேலை. வலப்பக்கமாகவே சில மணி நேரம் படுக்க வைக்க வேண்டும், நாடியும் பிரஷரும் அடிக்கடி பார்ப்பார்கள். என் மகள் வலது தோள்பட்டை வலிக்கிறது என்று அழுதாள். வயிற்றில் ஊசி போட்டால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று நான் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். கல்லீரலை ஒட்டிய உதரவிதானத்தின் வலி தோளில் தெரியும், இது வழக்கம்தான் என்றார்கள். அன்று இரவு அங்கேயே தங்கி மறுநாள் வந்தோம். தழும்பை 0 முதல் 4 வரை அளக்கிறார்கள், 4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. மகளுக்கு 2.

இனி ஏப்ரி. தழும்பு பற்றி ரத்தத்திலிருந்து கணக்கிடும் எண்களில் நம் ஊர் ரிப்போர்ட்டை வைத்தே யாரும் சுலபமாகப் போடக்கூடியது இதுதான். தனியாகப் பணம் கட்ட வேண்டாம். கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, ரத்த அணு எண்ணிக்கையில் வரும் பிளேட்லெட், இரண்டும் போதும். எஸ்ஜிஓடி, அந்த லேபின் உச்ச வரம்பைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். அதைப் பிளேட்லெட்டால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். புத்தகங்களில் பிளேட்லெட்டை வேறு அலகில் போடுவதால்தான் அந்த நூறு வருகிறது. நம் ரிப்போர்ட்டுகளில் லட்சத்தில்தான் போடுவார்கள். லட்சத்தில் எடுத்துக்கொண்டால் நூறு தேவையே இல்லை. எஸ்ஜிஓடி 120, வரம்பு 40 என்றால் மூன்று மடங்கு. பிளேட்லெட் 2 லட்சம் என்றால் மூன்றை இரண்டால் வகுத்தால் 1.5. அவ்வளவுதான் கணக்கு.

இதை 2003ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹெப்படைடிஸ் சி வந்த பெரியவர்களுக்காக உருவாக்கினார்கள். 0.5க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 1.5க்கு மேலே என்றால் இருக்க வாய்ப்பு அதிகம், 2க்கு மேலே போனால் சிரோசிஸைச் சந்தேகி என்பது அந்தப் பெரியவர்களின் அளவுகோல். நடுவில் விழுந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. இணையத்தில் தேடுகிற பெற்றோர் கண்ணில் படுவதெல்லாம் இந்த அளவுகோல்தான். அது யாருக்காகப் போட்டது என்பது கண்ணில் படுவதில்லை.

மகளுக்கு முதன்முதலில் வந்த எஸ்ஜிஓடி 480, வரம்பு 40, பிளேட்லெட் 1.8 லட்சம். பன்னிரண்டை 1.8ஆல் வகுத்தால் 6.7. என் வீட்டுக்காரர் போனில் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பிடவே இல்லை. பயாப்ஸியில் வந்ததோ 2, சிரோசிஸ் இல்லை. ஸ்டீராய்டு ஆரம்பித்து இரண்டு மாதத்துக்குள் எஸ்ஜிஓடி 60க்கு வந்தது, பிளேட்லெட் 2.4 லட்சம். ஏப்ரி 0.6. இவ்வளவு குறுகிய காலத்தில் தழும்பு பத்தில் ஒரு பங்காகக் கரையாது. குறைந்தது வீக்கம்தான். கல்லீரல் அணுக்கள் கொத்தாகச் சாகும்போது எஸ்ஜிஓடி எகிறுகிறது, அதோடு ஏப்ரியும் எகிறுகிறது. ஆகவே நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது வரும் ஏப்ரியை வைத்து தழும்பைப் பற்றி முடிவுகட்ட முடியாது. எண் இறங்கியதும் தழும்பு போய்விட்டது என்று கோயிலில் பொங்கல் வைக்கக் கிளம்பினோம். டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே, "பொங்கல் வைங்க, மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார்.

அப்படியானால் இந்த எண்ணால் என்ன பயன்? வீக்கம் அடங்கிய பிறகுதான் இதன் பயனே தொடங்குகிறது. எஸ்ஜிஓடி வரம்புக்குள் வந்துவிட்டால் ஏப்ரியை ஆட்டுவது பெரும்பாலும் பிளேட்லெட்தான். கல்லீரல் தழும்பேறி இறுகினால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதன் வழியாகச் சுலபமாகப் போக முடியாது. கீழ்பவானி வாய்க்காலில் மதகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் தேங்குவதைப் போல, ரத்தம் பின்வாங்கி மண்ணீரலில் தேங்கும். மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் சுரப்பைச் செய்வதும் கல்லீரல்தான் என்பதால் அதுவும் குறையும். எனவே காய்ச்சல் ஏதும் இல்லாமல், வருடா வருடம் பிளேட்லெட் 2.6, 2.2, 1.8, 1.4 என்று படியிறங்கினால், ரிப்போர்ட்டில் ஒவ்வொன்றும் நார்மல் அல்லது கொஞ்சம் குறைவு என்று போட்டிருந்தாலும், அது சும்மா இல்லை. தனித்தனி ரிப்போர்ட்டில் இது தெரியாது. வரிசையாக எழுதி வைத்தால்தான் தெரியும்.

இந்த வரிசையைக் கெடுக்கும் விஷயங்கள் பல. எங்கள் பக்கத்தில் முதல் எதிரி டெங்கு. ஐப்பசி மழை ஆரம்பித்தால் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் டெங்கு இல்லாத தெரு அபூர்வம். மகளுக்கும் வந்தது. டெங்கு பிளேட்லெட்டையும் இறக்கும், எஸ்ஜிஓடியையும் ஏற்றும். ஏப்ரி கணக்கின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒரே நேரத்தில் தப்பாகப் போகும். எஸ்ஜிஓடி 210, பிளேட்லெட் 60 ஆயிரம். கணக்குப் போட்டால் 8.75, நோய் தெரிந்த நாளைவிட மோசம். டாக்டர் அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இப்ப காய்ச்சலை மட்டும் பார்ப்போம். இதுல ஏப்ரி போடாதீங்க. முழுசா தேறின பிறகு எடுக்கலாம்" என்றார். பிற்பாடு எடுத்தபோது 0.48. கல்லீரல் நோயுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். பாராசிட்டமால் கூட எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று கல்லீரல் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புரூஃபன் வகை மாத்திரை டெங்கு சந்தேகத்தில் எவருக்குமே ஆகாது.

இரண்டாவது, ரத்தம் எடுக்கும் விதம். பிள்ளைகளின் நரம்பு மெல்லியது. கிடைக்காமல் குத்திக் குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். சிவப்பணுவுக்குள்ளும் எஸ்ஜிஓடி இருக்கிறது. ஒரு தடவை எங்கள் ஊர் சாம்பிள் எடுக்கும் சென்டரில் கொடுத்தோம். அங்கிருந்து பைக்கில் கோயம்புத்தூர் போய் வந்த ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி 92, எஸ்ஜிபிடி 30. கல்லீரல் வீங்கினால் இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும், ஒன்று மட்டும் ஏறியது ஏன் என்று உறுத்தியது. கீழே பொடி எழுத்தில் 'ஹீமோலைஸ்டு', அதாவது சிவப்பணு உடைந்த ரத்தம், என்று போட்டிருந்தார்கள். யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மறுபடி நிதானமாக எடுத்ததில் 36. அந்த ஒரு வார்த்தை ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். சதையிலிருந்தும் எஸ்ஜிஓடி வரும். ஸ்போர்ட்ஸ் டேவுக்கு ஓடிக் களைத்த மறுநாள் ரத்தம் எடுக்காதீர்கள். சில பிள்ளைகளுக்குக் கல்லீரல் நன்றாக இருந்தும் தசை நோயால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறி நிற்கும். சிபிகே என்ற தசைப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிளேட்லெட் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்து சிலருடைய பிளேட்லெட்டைக் கொத்துக் கொத்தாக ஒட்ட வைத்துவிடும். மெஷின் அந்தக் கொத்தை எண்ணாது. 70 ஆயிரம் என்று காட்டும். நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாலோ நீல மூடிக் குழாயில் எடுத்தாலோ உண்மை தெரியும். பிள்ளை நன்றாக ஓடியாடும்போது திடீரென்று பிளேட்லெட் பாதாளத்துக்குப் போயிருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

வரம்பும் லேபுக்கு லேப் மாறும். எஸ்ஜிஓடி 60, பிளேட்லெட் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 40 போடும் லேபில் ஏப்ரி 0.6. வரம்பு 50 போடும் லேபில் 0.48. அதே பிள்ளை, அதே ரத்தம், ஆனால் 0.5 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுகிறது. தள்ளுபடி கூப்பன் வந்தது என்று ஒவ்வொரு தடவையும் லேபை மாற்றுவது கல்லீரல் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. ஒரே லேபில், முடிந்தவரை ஒரே கிளையில் கொடுங்கள்.

மாத்திரையும் குழப்பும். ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக அசாதயோபிரின் கொடுப்பார்கள். அது எலும்பு மஜ்ஜையை அடக்கி வெள்ளணுவையும் பிளேட்லெட்டையும் இறக்கக்கூடியது. மகளுக்கு ஒரு கட்டத்தில் பிளேட்லெட் இறங்கி ஏப்ரி ஏறியபோது தழும்புதான் கூடிவிட்டது என்று நினைத்தேன். டாக்டர் அம்மா வெள்ளணுவைப் பார்த்தார், ஸ்கேனில் மண்ணீரலின் நீளத்தைப் பழைய அளவோடு ஒப்பிட்டார், அது கூடவில்லை. மாத்திரை அளவைக் குறைத்தார். பிளேட்லெட் மேலே வந்துவிட்டது. இந்த மாத்திரை சிலருக்கு மிகக் கடுமையாக வேலை செய்வது பரம்பரைக் கூறினால். நம் நாட்டவருக்கு என்யூடிடி15 என்ற மரபணுவைப் பார்ப்பது முக்கியம் என்றார்கள். ஆரம்பிக்கும் முன் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண் ஃபிப்-4. 2006ல் வந்தது, இதுவும் பெரியவர்களுக்கானது. போனில் கணக்குப் போடும் ஆப்புகள் இதைத்தான் முதலில் காட்டும். இதில் வயதையும் பெருக்குகிறார்கள். எஸ்ஜிஓடி 120, எஸ்ஜிபிடி 100, பிளேட்லெட் 2 லட்சம் என்று ஒரே ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு 0.66 வரும். 55 வயதுக்காரருக்கு 3.3 வரும். 1.45க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இல்லை, 3.25க்கு மேல் என்றால் முற்றிய தழும்பு என்பது அதன் கோடு. வயது சிறியது என்ற ஒரே காரணத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் பாஸாகிவிடுவார்கள். பொய்யான பயத்தைவிடப் பொய்யான நிம்மதி ஆபத்து என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஃபிப்-4 போட்டுப் பார்க்காதீர்கள்.

விலை கூடிய ரத்தப் பரிசோதனைகளும் உண்டு. ஈஎல்எஃப் என்பதில் ஹயலூரோனிக் அமிலம், கொலாஜன் உருவாகும்போது உதிரும் ஒரு துண்டு, தழும்பைக் கரைய விடாமல் தடுக்கும் ஒரு புரதம் என மூன்றைச் சேர்த்து அளக்கிறார்கள். தழும்பின் நாரையே தொட்டுப் பார்க்கிற வழி என்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வளர்கிற பிள்ளையின் எலும்பிலும் சதையிலும் கொலாஜன் சதா உருவாகிக்கொண்டே இருக்கும். கல்லீரலிலிருந்து வந்தது எது, வளர்ச்சியிலிருந்து வந்தது எது என்று ரத்தம் பிரித்துச் சொல்லாது. ஃபைப்ரோடெஸ்ட் என்ற இன்னொரு பரிசோதனையில் அளக்கும் ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற புரதம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே பெரியவர்களைவிட அதிகம். எங்கள் டாக்டர் இரண்டையும் எழுதவில்லை, நாங்களும் கேட்டு வாங்கவில்லை. அந்தப் பணம் ஃபைப்ரோஸ்கேனுக்குப் போனது, அது சரியான செலவு என்று நினைக்கிறேன்.

ஃபைப்ரோஸ்கேன் ரத்தப் பரிசோதனை இல்லை. விலா இடுக்கில் ஒரு கருவியை வைத்துச் சின்ன அதிர்வு அனுப்பிக் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கிலோபாஸ்கலில் அளக்கிறது. வலி கிடையாது. "யாரோ சுண்டுறாங்கம்மா" என்று மகள் சிரித்தாள். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு சராசரியாக 4.5, 5 என்ற அளவில் வரும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும், சாப்பிட்டால் எண் கூடும். சின்ன மார்புக்குச் சின்ன புரோப் வேண்டும், அது அந்த இடத்தில் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பத்து அளவுகள் எடுத்து நடு அளவைப் போடுவார்கள். வீக்கம் இருந்தால் இதுவும் கூடுதலாகக் காட்டும் என்பதால், எஸ்ஜிஓடி அடங்கும் வரை எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். முதலில் 7.1 வந்தது. அடுத்த வருடம் 5.6. ஏப்ரியும் கீழே, பிளேட்லெட்டும் நிலையாக, மண்ணீரலும் வளராமல், ஃபைப்ரோஸ்கேனும் இறங்கி, நாலும் ஒரே பக்கம் கைகாட்டியபோதுதான் டாக்டர் அம்மா முகத்தில் முழு நிம்மதியைப் பார்த்தேன். சரியாக மருந்து எடுத்தால் இந்த நோயில் தழும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வாய்ப்பு உண்டு என்று அன்றுதான் வாய்திறந்து சொன்னார்.

காத்திருக்கும் இடத்தில் இப்போது அதிகம் பார்ப்பது உடம்பு கனத்த பிள்ளைகளை, கொழுப்புக் கல்லீரல். அவர்களுக்கு ஒரு விஷயம். லேப் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி வரம்பு 40, 45 என்று போட்டிருக்கும். ஆரோக்கியமான பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் கணக்கிட்டதில் பையன்களுக்கு 26, பெண் பிள்ளைகளுக்கு 22 அளவில்தான் உச்ச வரம்பு வந்தது. 38 என்று வந்து 'நார்மல்' என்று போட்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஏப்ரி இவர்களுக்கு இன்னும் பலவீனமாகத்தான் வேலை செய்கிறது, எஸ்ஜிஓடி பெரிதாக ஏறாமலே தழும்பு போகலாம். ஒல்லியான பிள்ளைக்குக் கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் வந்தால் வில்சன் நோய் பார்த்தீர்களா என்று கேட்காமல் வராதீர்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு: பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் வெளுத்து சுண்ணாம்பு நிறத்தில் போனால், எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பித்தநாளம் அடைபட்டிருந்தால் 60 நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது பிள்ளையின் விதியையே மாற்றும்.

என்னுடைய நோட்டில் ஒரு பக்கத்துக்கு இப்படிக் கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, லேப், எஸ்ஜிஓடியும் அந்த லேபின் வரம்பும், எஸ்ஜிபிடி, பிளேட்லெட், வெள்ளணு, ஐஜிஜி, கல்லீரல் செய்யும் அல்புமின் என்ற புரதம், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர். அதற்குப் பக்கத்தில் மாத்திரை அளவு. கடைசிக் கட்டம் அகலமானது. முந்தின ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்ததா, ரத்தம் எடுக்கச் சிரமப்பட்டார்களா, என்ன மருந்து சாப்பிட்டாள் என்று அதில் எழுதுவேன். டாக்டர் முதலில் படிப்பது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். அல்புமினும் ஐஎன்ஆரும் தழும்பைக் காட்டாது, ஆனால் கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று காட்டும். தழும்பு எண் நன்றாக இருந்து இவை கெட்டால் இவற்றைத்தான் நம்ப வேண்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பிள்ளை பகலில் தூங்கி வழிந்து பேச்சுத் தடுமாறினாலோ நோட்டைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரி.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஐஜிஜி மூன்றும் இரண்டு வருடத்துக்கு மேலாக வரம்புக்குள் நிற்கின்றன. மாத்திரையை மெல்ல நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சு வந்திருக்கிறது. அதற்கு முன் இன்னொரு பயாப்ஸி வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. ரத்தத்தில் எல்லாம் அடங்கியிருந்தாலும் சதைக்குள் கொஞ்சம் வீக்கம் ஒளிந்திருக்கலாம், அந்த நிலையில் நிறுத்தினால் நோய் திரும்பும். இந்த முறை நாங்கள் மறுக்கவில்லை. மகளிடமே கேட்டோம். "அப்புச்சியை முன்னாடியே வரச் சொல்லுங்க, பரீட்சை முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்றாள். சித்திரையில் தேதி வாங்கியிருக்கிறோம்.